குறிப்பு என்ற கட்டம்

இரவு எட்டு பத்து.
மழை நின்று இருபது நிமிடம்.
இலைகள் இன்னும் நிற்கவில்லை.

கயாப்பாஸ் ஆற்றுக்கு மேற்கே, நாலாம் தடம்.
இருநூறு மீட்டர் கயிறு,
பத்து மீட்டருக்கு ஒரு நீல நாடா.
முன்னால் தப்புயோ, பின்னால் நான்.
அவர் பார்ப்பார், நான் எழுதுவேன்.
பென்சில்தான்;
பேனாவுக்கு இந்தக் காடு ஒத்துவராது.

முதல் நாடாவில் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்பதையும் எழுதவேண்டும்,
அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.
சுழி.

இரண்டாவதில் கண்ணாடித் தவளை.
இலைக்கு அடியிலிருந்து விளக்கைக் காட்டினால்
தோலுக்குள் இதயம் துடிப்பது தெரிகிறது.
எள்ளளவு இருக்குமா?
ஆனால் என்ன அவசரம் அதற்கு.
நீளம்: இருபத்திரண்டு மில்லிமீட்டர்.
இலையின் உயரம்: ஒன்றரை மீட்டர்.
இதயத்துக்குக் கட்டம் கிடையாது.

தப்புயோ எட்டு வருஷம் மரக் கம்பெனியில் இருந்தவர்.
விழுந்த மரங்களை எண்ணுவது அங்கே வேலை.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
இங்கே வந்ததும் தவளைக்கு எப்படிக் கோடு போடுவதென்று
எனக்குக் காட்டிக்கொடுத்தார், அதே கோடு.
"மரம் தாவாது, சொய்லா,
அங்கே கணக்கு தப்பியதே இல்லை."
அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை.
நானும் கேட்டதில்லை.

மூன்று, நான்கு: தேரை, தேரை,
தூங்கும் பல்லி ஒன்று, வால் புதிதாய் முளைத்தது.

ஐந்தாவது நாடாவில்
குட்டைக்கு மேலே சாய்ந்த இலை.
இலையில் முட்டைத் திரள்,
பிஞ்சு தாகுவாக் காயின் நுங்கு மாதிரி,
உள்ளே நாற்பதோ ஐம்பதோ கறுப்பு நெளிவுகள்.
நுனியில் பூனைப்பாம்பு.
அவசரமில்லாமல், விருந்துக்கு வந்தவன் மாதிரி
முதல் வாய் எடுத்தது.

தப்புயோவின் கைத்தடி உயர்ந்தது.
தொடாதே, விரட்டாதே, எழுது:
தாளின் தலையிலேயே அச்சடித்திருக்கிறது.
தடி அப்படியே நின்றது.
இறங்கவும் இல்லை.

அப்போதுதான் கேட்டது,
குட்டையில் ஒரு சொட்டு.
மழை என்று நினைத்தேன்.
இன்னொன்று. பிறகு மூன்று சேர்ந்தாற்போல.
பாம்பு இழுக்கும் ஒவ்வொரு இழுப்புக்கும்
திரள் நடுங்க,
நடுங்கியதைப் புரிந்துகொண்டவை
பொரிய இரண்டு நாள் இருக்கும்போதே
உறையைக் கிழித்துக்கொண்டு
இருட்டுக்குள் விழுந்தன.

தப்புயோ விளக்கை அணைத்தார்.
காதால் எண்ணினார்,
விரல்களை என் தோளில் தட்டித் தட்டி.
நாலு தட்டு, ஒரு இழுப்பு.
முப்பத்தொன்று.

கீழே இறால்கள் இருக்கும்.
அதை நான் எழுதவில்லை, பார்க்கவில்லை.

முட்டையென்று எழுதுவதா, தலைப்பிரட்டையென்றா?
எந்த நிமிடத்தில் ஒன்று மற்றொன்று ஆயிற்று?
கீட்டோவில் கணினி முன் உட்கார்ந்திருக்கும் பெண்
ஒரு வரிசைதான் அனுமதிப்பாள்.
கடைசியில் பாம்பை மட்டும் வரிசையில் போட்டேன்:
பூனைப்பாம்பு, ஒன்று, உணவில்.
குறிப்பு என்ற கட்டத்தில்,
விரலகலம்கூட இல்லாத அந்தக் கட்டத்தில்,
"விழுந்தவை 31, இருட்டில்" என்று
ஓரம் தாண்டி எழுதினேன்.
போன தடவை இப்படி எழுதியதற்கு
கையெழுத்து புரியவில்லை என்று திருப்பி அனுப்பினாள்.

மிச்சம் பதினைந்து நாடா.
பெரும்பாலும் சுழி.

திரும்பும்போது விடிந்துவிட்டது.
கயிற்றைச் சுருட்டி, புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டி
படகில் ஏறியபின்
செய்போ மரத்து உச்சியிலிருந்து டூக்கன் கத்தியது,
எங்கள் ஊரில் எல்லாரும் கேட்கிறபடி:
தியோஸ் தே தே, தியோஸ் தே தே,
கடவுள் உனக்குத் தரட்டும்.
நேரம் முடிந்துவிட்டது; அதை எண்ணக்கூடாது.
மஞ்சள் கழுத்தை நீட்டி நீட்டி
எந்தத் தாளிலும் இல்லாமல்
அது கத்திக்கொண்டே இருந்தது.

தப்புயோ துடுப்பை நிறுத்தி அண்ணாந்து பார்த்து,
"வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றார்கள்" என்றார்.